க்வாய் ஆற்றங்கரையில் ஒரு மத்தியானச் சாப்பாடு

வெளியூர்ப் பயணம் என்றால் நம்மவர்கள் முதலில் தயார் செய்வது பெட்டியை அல்ல, புளிக்காய்ச்சலை. காசிக்குப் போனாலும் சரி, காட்மாண்டு போனாலும் சரி, பருப்புப் பொடி ஒரு டப்பா, எலுமிச்சை ஊறுகாய் ஒரு டப்பா, முறுக்கு ஒரு டின் என்று சாமான் சேர்ந்துவிடும். கல்கத்தாவில் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் என் வீட்டிலும் இதே கதைதான். லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கிற வரையில் நாம் ஊரை விட்டு வந்ததாகவே நினைப்பதில்லை. அந்த எல்லையைத் தாண்டினால்தான் கவலை பிடித்துக்கொள்கிறது. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் அந்த ஊறுகாய்ச் சாதிதான்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் மகன், மருமகள், பேரன், என் மனைவி ஆகியோருடன் தாய்லாந்து போய் வரும் வாய்ப்பு கிடைத்தது. இங்கிருந்தே ஒரு சுற்றுலாக் கோஷ்டியில் சேர்ந்து போனோம். முப்பது பேரில் பெரும்பாலோர் வங்காளிகள். தமிழ்க் குடும்பங்கள் மூன்று. டம்டமில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் பாங்காக். ஹவுராவிலிருந்து கரக்பூர் லோக்கலில் போகும் நேரம்தான்! பாங்காக்கில் சீலோம் தெருவில் நம் தமிழர்கள் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கட்டிய மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தோம். தாய்லாந்து மக்கள் கைகூப்பி வரிசையில் நிற்பதைப் பார்த்து மனம் குளிர்ந்தது. மூன்றாம் நாள் மேற்கே பஸ்ஸில் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போனார்கள். நான் சொல்ல வந்த விஷயம் அங்கேதான் நடந்தது.

க்வாய் ஆற்றுப் பாலம் என்று உலகப் புகழ் பெற்ற ரயில் பாலம் அங்கே இருக்கிறது. 1957-ல் வந்த ஆங்கிலப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை எடுத்தது தாய்லாந்தில் அல்ல, இலங்கையில் கிதுல்கல என்ற இடத்தில் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொரு வேடிக்கை: பாலம் கட்டிய நாளில் அந்த ஆற்றுக்குப் பெயரே வேறு, மே க்ளோங். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் க்வாய் எங்கே, க்வாய் எங்கே என்று கேட்டதால், பிறகு 1960-களில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

பாலத்தை ஒட்டியே ஆற்றின் மேல் மிதக்கும் பெரிய உணவகம். எங்கள் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். நல்ல கூட்டம். வெள்ளைக்காரர்கள், சீனர்கள், பாங்காக்கிலிருந்து குடும்பத்தோடு வந்த உள்ளூர்க்காரர்கள் என்று ஒரு மேஜைகூடக் காலியில்லை. எங்கள் பன்னிரண்டு பேருக்கு இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டார்கள். தலையைத் தூக்கினால் எதிரே பாலம். ரயில்வேயில் காலம் தள்ளியவனுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

ஆனால் உட்கார்ந்ததும் தொடங்கியது விசாரணை. இதில் மீன் இருக்கிறதா? அதில் இறால் இருக்கிறதா? சூப்பில் என்ன போடுகிறீர்கள்? தாய்லாந்துச் சமையலில் நாம் உப்பு போடுகிற இடத்தில் அவர்கள் நம் ப்லா என்ற மீன் சாறு ஊற்றுகிறார்கள். பச்சை, சிவப்புக் குழம்புகளுக்கு அரைக்கும் விழுதிலேயே இறாலைப் புளிக்க வைத்த காப்பி என்பது சேர்ந்திருக்கும். பார்வைக்குக் காய்கறிக் குழம்பு. உள்ளே இருப்பது வேறு. ஆகவே கேட்பது நியாயம்தான். பரிமாறிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அவளுக்கு எங்கள் ஆங்கிலம் புரியவில்லை, எங்களுக்கு அவள் மொழி புரியவில்லை. கடைசியில் அவளே உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்து, அதில் ஒட்டியிருந்த மீன் படத்தைக் காட்டி, "இது வேண்டாம்?" என்று சைகையில் கேட்டாள். வேண்டாம், வேண்டாம் என்று பன்னிரண்டு தலைகளில் ஒன்பது ஆடின. அவள் சிரித்துக்கொண்டே "மங்ஸாவிராட்" என்றாள். மாம்சத்தை விலக்குவது என்ற பொருளுள்ள வடமொழிச் சொல்தான் அது! அவர்கள் மொழியில் சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். அந்த ஒரு சொல்லை இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே தெரிந்து வைத்திருந்தால் கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஆட்டாத மூன்று தலைகள் எங்கள் வங்காளி நண்பர் ஒருவருடையதும் அவர் குடும்பத்தாருடையதும். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். "தாதா, மீன் இல்லாத சாப்பாட்டைத் தேடி இவ்வளவு தூரம் வந்தீர்களா?" என்று கேலி செய்துகொண்டே எங்களுக்கு வந்த வதக்கிய கீரையைப் பார்த்து, "அட, இது நம்ம கல்மி சாக்!" என்று ஒரு பிடி எடுத்துக்கொண்டார். நாம் வள்ளைக்கீரை என்கிறோமே, அதுதான். அந்தப் பெண் சமையற்காரரிடம் சொல்லித் தனியாகச் செய்து வாங்கி வந்தாள்: சித்தரத்தை மாதிரியான ஒரு கிழங்கும் எலுமிச்சைப் புல்லும் போட்ட புளிப்புச் சூப், சோயா சாறு ஊற்றிய கீரை, தேங்காய்ப் பாலில் காய்கறி, கடைசியில் பசைச் சோறும் மாம்பழமும். என் மனைவி கைப்பையிலிருந்து எடுத்த பருப்புப் பொடி டப்பாவை யாரும் திறக்கவில்லை. "என்னங்க, நம்ம ஊர் ரசத்துக்கு அக்கா மாதிரி இருக்கு இந்த சூப்" என்று அவளே சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

நிற்க. சாப்பாட்டுப் புராணம் இதோடு போதும்.

மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாலத்தின் மேல் ரயில் வந்தது. நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பக்கத்து மேடைகளில் ஒதுங்கி நின்றார்கள். ரயில் ஊர்ந்து போயிற்று. உணவகத்தில் எல்லாரும் கை அசைத்தோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், "தாத்தா, நடுவில் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டான். நல்ல கண்! வளைந்த மேற்புறம் உள்ள இரும்பு ஸ்பான்கள் ஜாவாத் தீவில் இருந்த ஒரு பாலத்தைப் பிரித்துக் கொண்டுவந்தவை. 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் நடுவே மூன்று விழுந்துவிட்டன. யுத்தம் முடிந்தபின் அந்த இடத்தில் கோண வடிவில் இரண்டு ஸ்பான்கள் வைத்தார்கள். இதை நான் பெருமையாக விளக்கினேன். அவன் அடுத்த கேள்வி கேட்டான்: "இதை யார் கட்டினாங்க?"

எங்கள் வழிகாட்டி காலையிலேயே சொல்லியிருந்தார்: ஜப்பானியர்கள் கட்டச் சொன்னார்கள், ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் கட்டினார்கள், ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களும் இருந்தார்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னார். அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன் ஊருக்குள் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் அழைத்துப் போயிருந்தார். 6,982 பேருடைய கல்லறைகள். பச்சைப் புல்வெளியில் வரிசை தவறாமல் கற்கள். பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, முப்பத்தொன்று என்று படித்துக்கொண்டே போனால் யாருக்கும் தொண்டை அடைக்கும். அதில் ஒரு தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் பெயரை என் கண் காணவில்லை. அது படைவீரர்களுக்கான இடம். அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை.

பேரனுக்கு நான் என்ன பதில் சொல்வது? ரயில்வேக்காரன் என்ற முறையில் சயாம் மரண ரயிலைப் பற்றி ஓரளவு கேள்விப்பட்டிருந்தேன். "நம்ம ஆட்களும் கட்டினாங்கப்பா" என்றேன். "நம்ம ஆட்கள்னா?" என்றான். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தச் சாப்பாட்டில் மீன் இருக்கிறதா என்று கால் மணி நேரம் துருவித் துருவிக் கேட்ட நாங்கள், இந்தப் பாதையின் கீழே கிடப்பவர் யார் என்று ஒரு நிமிஷம்கூடக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்தபின் நூல்களைத் தேடிப் படித்தேன். வாசக அன்பர்களில் பலருக்கு இது புதிதாக இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவில் இருந்த அவர்கள் படைக்கு ஆயுதமும் அரிசியும் போக வேண்டும். கடல் வழியில் எதிரி நீர்மூழ்கிக் கப்பல்களின் தொல்லை. ஆகவே சயாமிலிருந்து காட்டையும் மலையையும் வெட்டிப் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை போட முடிவு செய்தார்கள். 1942-ன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சந்தித்துவிட்டன. தண்டவாளத்தில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. பாதை போடுவதே தொழிலாக இருந்த எனக்கு அந்த வேகம் நம்ப முடியாத வேகம். இயந்திரம் இல்லை. பாறையை உளியாலும் சம்மட்டியாலும் குடைந்து வெடி வைத்தார்கள். மண்ணைக் கூடையில் சுமந்தார்கள். இயந்திரத்துக்குப் பதிலாக மனிதர்களைச் செலவு செய்தார்கள்.

போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். இது உலகத்துக்குத் தெரியும். தெரியாத கணக்கு அடுத்தது. பர்மா, மலாயா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டுமே எழுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள்.

யுத்தத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத நேரம். தினம் ஒரு டாலர் கூலி, மூன்று மாத வேலை, குடும்பத்துக்கும் சாப்பாடு என்று ஆசை காட்டி முதலில் அழைத்தார்கள். போனவர்கள் திரும்பாததால் ஆள் வராமல் போகவே, பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி வந்து அப்படியே வண்டியில் ஏற்றியதாகத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு வாகன்களில் அடைத்து நாட்கணக்கில் பயணம். இறங்கிய இடத்திலிருந்து காட்டுக்குள் நடை. மூங்கில் கூரை, ஈரத் தரை, சோறும் உப்பும். 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்தது. போர்க் கைதிகளிடம் அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு டாக்டரும் இல்லை, கட்டளையிட ஆளும் இல்லை. முகாம் முகாமாகச் செத்தார்கள். யார் இறந்தார், எப்போது இறந்தார் என்று எழுதி வைக்கக்கூட ஒரு பதிவேடு இல்லை.

"ஒரு ஸ்லீப்பர் கட்டைக்கு ஓர் உயிர்" என்று இந்தப் பாதையைப் பற்றிச் சொல்வதுண்டு. அது மிகை. நான் டிப்ளமாக்காரன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டர் கேஜில் கிலோமீட்டருக்கு ஆயிரத்து இருநூறு கட்டை என்று குறைத்து வைத்தாலும் 415 கிலோமீட்டருக்கு ஐந்து லட்சம் கட்டை. இறந்தவர்கள் ஒரு லட்சம் சொச்சம். ஐந்து கட்டைக்கு ஒருவர். அதாவது பாதையின் நீளத்தில் நாலு மீட்டருக்கு ஒருவர். நாங்கள் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோமே, அந்த இரட்டை மேஜையின் நீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். மிகைப்படுத்தாத கணக்கே போதுமானதாக இருக்கிறது.

அன்று மேஜையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பேரனுக்குப் பதில் சொல்லத் திணறியதைப் பார்த்த வங்காளி நண்பர் கேலியை நிறுத்திவிட்டார். "1943 என்றா சொன்னீர்கள்? எங்கள் பஞ்சம் வந்த வருஷம்" என்றார். பர்மா விழுந்ததும் அங்கிருந்து வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. புயல், விலையேற்றம், படகுகளைப் பறிமுதல் செய்த அரசாங்கத்தின் கெடுபிடி எல்லாம் சேர்ந்து, சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். சோறு கேட்கக்கூடத் துணியாமல், "ஃபேன் தாவ்", வடிகஞ்சி கொடுங்கள் என்று கல்கத்தா வீட்டு வாசல்களில் கெஞ்சினார்கள் என்று தன் தாயார் சொல்லக் கேட்டதை அவர் சொன்னார். அவர் வீட்டில் இன்றும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடமாட்டார்களாம். அவர் பேரனுக்கும் அது தெரிந்திருந்தது. சைனுல் ஆபெதின் அந்தப் பஞ்சத்தை வரைந்தார். சத்யஜித் ராய் 1973-ல் படமாக எடுத்தார். வங்காளிகள் தங்கள் பசியை மறக்கவில்லை, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். அதே வருஷத்தில் நடந்த நம்முடையதை நாம் சொன்னோமா?

"மலாயாத் தமிழர் கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். எங்கள் குடும்பத்துச் சம்பந்தத்தை மட்டும் சொல்கிறேன். என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு ஒரு தம்பி. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி, ஈப்போ பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். வருஷத்துக்கு இரண்டு கடிதம், தீபாவளிக்கு மணியார்டர். ஜப்பான்காரன் வந்தபின் கடிதம் நின்றது. யுத்தம் முடிந்தும் வரவில்லை. அவர் ரயில் பாதைக்குத்தான் போனாரா, தோட்டத்திலேயே காய்ச்சலில் போனாரா, யாருக்கும் தெரியாது. நான் அவரை மரண ரயில் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க ஆதாரம் இல்லை. ஆனால் பாட்டி சாகும்வரை அவரை இறந்தவர் கணக்கிலும் சேர்க்கவில்லை. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் நீர் வார்க்கலாம் என்று சாஸ்திரிகள் சொன்னபோது, "அவன் இருந்தா?" என்று ஒரே கேள்வி கேட்டு வாயை அடைத்துவிட்டாள். பாட்டி போன பிறகுதான் அப்பா தன் தாய்மாமனுக்கு முதல் முறையாக எள்ளும் தண்ணீரும் விட்டார். இப்படி ஒரு காணாமல் போன மலாயாத் தாத்தா, நம் சங்கத்துக் குடும்பங்களில் விசாரித்தால் இன்னும் பல வீடுகளில் இருப்பார் என்றே நினைக்கிறேன்.

நாமும் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள்தான். நான் 1981-ல் திருச்சி டிப்ளமாவையும் தென்கிழக்கு ரயில்வேயின் வேலை உத்தரவையும் கையில் வைத்துக்கொண்டு, இலவசப் பாஸில் ஹவுராவில் இறங்கினேன். இறங்கிய இடத்தில் குவார்ட்டர்ஸ் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, மாதம் முடிந்தால் சம்பளம் வந்தது. சர்வீஸ் புத்தகத்தில் என் பெயரும் தகப்பனார் பெயரும் அடையாள மச்சமும்கூட எழுதப்பட்டன. அவர்களும் என்னைப் போல் பாதை போடத்தான் போனார்கள். அவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் புத்தியிலோ உழைப்பிலோ இல்லை. எழுதி வைக்க ஒரு புத்தகம் இருந்ததிலும் இல்லாததிலும்தான்.

இன்னொரு ஆட்சேபம் என் மருமகளுடையது. "அப்பா, சந்தோஷமாச் சுத்திப் பார்க்கப் போன இடத்துல, சாப்பிடற நேரத்துல குழந்தைகிட்ட சாவு சமாசாரம் எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு அழு என்று நான் சொல்லவில்லை. அந்த உணவகம் அங்கே இருப்பதும் தவறில்லை. ஊர் பிழைக்க வேண்டும். மீன் படத்தைக் காட்டி எங்களுக்காகச் சிரமப்பட்ட அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் வர வேண்டும். அவள் சமைத்து வந்ததை ருசித்துச் சாப்பிட்டதில் எனக்கு வெட்கம் இல்லை. எனக்கு வெட்கம், கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போனதில்தான். கல்லறைத் தோட்டத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டலாம் என்றால், கல்லறை இல்லாதவர்களைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொல்லலாம். பிள்ளைகள் தாங்குவார்கள். என் பேரன் அன்றிரவு ஓட்டலில் கேட்டது, "அவங்க பேரெல்லாம் எங்க தாத்தா எழுதியிருக்கு?" என்பதுதான்.

எங்கும் எழுதவில்லை. ஆனால் எங்குமே ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. 1990-ல் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் மொத்தமாகக் கிடைத்தன; ஆசியத் தொழிலாளர்களுடையவை. 2023-ல் தாய்லாந்துத் தமிழர்களும் மலேசியத் தமிழர்களும் முயன்று, அதே ஊரில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் இந்தத் தொழிலாளர்களுக்கு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். கூலிக்காரனுக்கும் அது நடப்பட்டது என்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அதோடு தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. அன்று நாங்கள் இருந்தது அதே ஊரில். சாப்பிட்டு முடித்து, படம் எடுத்து, பஸ் ஏறிவிட்டோம். வழிகாட்டி சொல்லாதது ஒரு பக்கம். கிளம்பும் முன் ஊறுகாய்க்கு ஒரு வாரம் செலவழித்த நான், போகிற ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் படிக்கவில்லை. இந்தத் தவற்றை யார் தலையிலும் சுமத்த முடியாது.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, கல்கத்தாவிலிருந்து நம் குடும்பங்கள் இப்போது தாய்லாந்துக்கு அதிகம் போகின்றன. காஞ்சனபுரி உங்கள் திட்டத்தில் இருந்தால், நடுகல்லுக்கும் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிப் பணம் கட்டும்போதே டிராவல்ஸ்காரரிடம் கேட்டுவிடுங்கள். பணம் கொடுக்கிறவன் கேட்டால் செய்வார்கள். இரண்டாவது, மலேசிய எழுத்தாளர்கள் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை நம் நூலகத்துக்கு வாங்கிப் போடுங்கள். செலவில் பாதியை நான் ஏற்கிறேன். மூன்றாவது, மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய் யுத்தத்துக்குப் பின் கடிதம் வராமல் போனவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பெயர், ஊர், போன வருஷம் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். அவர் எங்கே இறந்தார் என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. அவர் இருந்தார் என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். பட்டியல் பத்துப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மகாளயம் நெருங்கியிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வீடு வானொலியில் வீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல் கேட்கும். பாபு காட்டில் வங்காளிகளும் நாமும் இடித்துக்கொண்டு கங்கையில் இறங்குவோம். நம் தர்ப்பணத்திலும் சரி, அவர்களுடையதிலும் சரி, கடைசியில் நீர் வார்க்க யாருமில்லாதவர்களுக்கென்று ஒரு கை தண்ணீர் உண்டு. இத்தனை வருடம் அதை நான் சாஸ்திரிகள் சொன்னபடி அவசரமாக விட்டுவிட்டுக் கரையேறியவன். இந்த வருடம் பேரனையும் அழைத்துப் போகப் போகிறேன். நம்ம ஆட்கள் என்றால் யார் என்று கேட்டான் அல்லவா? அந்தக் கை தண்ணீர் விடும்போது சொல்லலாம் என்றிருக்கிறேன்.